ஜெய்லானி: ஊரும் பேரும்

'ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக் கூடாது' என்பது நம்மவர் வழக்கு. ஜெய்லானி என்ற பெயரில் இந்த எச்சரிக்கை செல்லாது. பேரைச் சொன்னாலே ஊரும் கூடவே வந்துவிடுகிறது.

கஸ்பியன் கடலோரத்துப் பாரசீகப் பகுதி கீலான். அரபியில் 'க' ஒலி 'ஜ' ஆக, ஜீலான் ஆயிற்று. அவ்வூரவர் ஜீலானி. புகாரி, மக்கி, மதனி எல்லாம் இவ்வகையில் அமைந்தவையே. நம் எழுத்தாளர்கள் ஊரை முன்னால் வைக்கிறார்கள்: திக்குவல்லை கமால், மருதூர்க்கனி. அரபு மரபு அதைப் பின்னால் வைக்கிறது. மண்ணை மறக்க மனமில்லாமை இரண்டிலும் ஒன்றுதான்.

1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (றஹ்) அவர்களால்தான் இப்பெயர் உலகைச் சுற்றியது. இளமையிலேயே ஜீலானை விட்டு பக்தாத் சென்றவர் அவர். விட்டு வந்த ஊரே அவர் பேராக நிலைத்தது. அவரிடமிருந்து நாம் மூன்று பெயர்களைப் பெற்றோம்: இயற்பெயரான காதர், பட்டப்பெயரான முகைதீன், ஊர்ப்பெயரான ஜெய்லானி. ஈராக்கில் அதே பெயர் கைலானி என ஒலிக்கும் குடும்பப் பெயர். 1920இல் அந்நாட்டின் முதற் பிரதமரானவர் அக்குடும்பத்தவரே. நம்மிடம் அது ஒருவருக்கு இடப்படும் பெயர். அவர் மகனுக்கு முதலெழுத்து. எனவே இப்பெயரைக் கொண்டு ஒருவரின் வம்சத்தையோ பூர்வீகத்தையோ தீர்மானிப்பது பிழை. அது வேண்டுதலையும் நேசத்தையும் சொல்லும். இரத்த உறவைச் சொல்லாது.

ஊர் ஆளாகி, அந்த ஆள் மீண்டும் ஓர் ஊரானது பலாங்கொடைக்கு அப்பால், கூரகலவில். அங்குள்ள தப்தர் ஜெய்லானி குகைப் பள்ளிவாசல் பற்றி எம்.எல்.எம். அபூசாலி 2002இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பாவா ஆதம் மலைக்குச் செல்லும் வழியில் அப்பெரியார் அங்கு தங்கித் தியானித்தார் என்பது நம்மிடையே வழங்கும் ஐதீகம். அதே மலையில் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. 2013இல் பள்ளிவாசலுக்கு எதிரான குரல்கள் ஓங்கின. 2022இல் அரச வெசாக் விழா அங்கு நடந்தது.

இந்தச் சர்ச்சையில் நம்மவர் சிலர் பெயரையே உறுதிப்பத்திரம்போல் நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஜெய்லானி என்ற பெயர் இருப்பதால் மட்டும் அவர் வந்து சென்றது நிரூபணமாகாது. கல்வெட்டு இருப்பதால் மட்டும் பிற்காலத்து யாத்திரிகர் சுவடு அழிந்தும் விடாது. முதலில் வந்தவர் யார் என்பதற்குப் பெயர் சாட்சியன்று. அன்போடு வந்தவர் யார் என்பதற்கே அது சாட்சி. அந்தச் சாட்சியை மட்டும் சொல்வதால் நம் பக்கம் பலவீனமாகாது. ஐதீகத்தை வரலாறாக்க முனையும்போதுதான், உள்ள வரலாறும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

தப்தர் என்றால் பதிவேடு. பதிவேட்டில் முன்னவர் பெயரை அழித்து எழுதுவது முறையல்ல. பின்னவர் பெயரைக் கிழித்தெறிவதும் முறையல்ல. இதை இரு சாராருக்கும் சொல்லும் கடமை நம் எழுத்தாளர்களுக்கு உண்டு.