அரியானா கிராண்டேயின் நகைச்சுவை

அமெரிக்கப் பாப் பாடகி அரியானா கிராண்டே, பாட்டால் புகழ்பெறும் முன்பே நடிகை. 2010இல் தொடங்கிய 'விக்டோரியஸ்' தொலைக்காட்சித் தொடரில் கேட் வாலன்டைன் என்ற வெகுளிப் பெண்ணாக வந்தார். அவருடைய நகைச்சுவை குரலில்தான் பிறக்கிறது. 2016இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் பிரிட்னி ஸ்பியர்ஸ், ரிஹானா, ஷகீரா, செலின் டியான், விட்னி ஹூஸ்டன் ஆகியோரைப் போல அடுத்தடுத்துப் பாடிக்காட்டினார். ஒருவர் மூச்சை எங்கே விடுகிறார், சொல்லை எங்கே இழுக்கிறார் என்று கூர்ந்து கேட்ட செவிக்கே அது கைகூடும். கேலியைவிட அதில் மரியாதையே மிகுதி. 'விக்கெட்' (2024) படத்தில் அவர் ஏற்ற கிளிண்டா வேடம் அந்தப் பயிற்சியின் விளைச்சல். கூந்தலைச் சிலுப்பும் தற்பெருமைக்கு நடுவிலும் உச்சஸ்தாயி பிசிறடிப்பதில்லை. சிரிக்க வைத்துக்கொண்டே சுருதி விலகாமல் பாட மிகச் சிலரால்தான் முடியும். இவ்வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார்.