பரணுக்குப் போகாத கூலர்

கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் லேசில் கெடாது. அலுமினியத் தகடுகள், செம்புக் குழாய்கள், விசிறி, அவ்வளவுதான். ஆனால் புது மதர்போர்டு வாங்கினால் கூலரைத் திருகும் துளைகள் அதில் வேறு இடத்தில் இருக்கக்கூடும். அப்போது நன்றாக ஓடிய கூலர் பரணுக்குப் போய்விடும்.

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் அதற்கு விடுவதில்லை. 2014-இல் வந்த என்எச்-டி15 கூலரையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் ஏஎம்4, 2021-இல் எல்ஜிஏ1700 என்று பிராசசர் பொருந்தும் சாக்கெட்டுகள் மாறின. ஒவ்வொரு முறையும், கூலர் வாங்கிய ரசீதோடு புது போர்டின் ரசீதையோ பிராசசரின் ரசீதையோ காட்டியவர்களுக்குப் புதிய பட்டைகளும் திருகுகளும் இலவசமாகவே போய்ச் சேர்ந்தன. இதனால் நிறுவனத்துக்கு ஒரு புது விற்பனை கைநழுவுகிறது, தெரிந்தேதான் செய்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

அந்தக் கூலரைப் பொருத்திப் பார்த்தால் இன்னும் புரியும். இரண்டு தகட்டுக் கோபுரங்களுக்கு நடுவே திருகை எட்டுவதற்கு ஸ்க்ரூடிரைவரும் பெட்டியிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் கோத்த திருகுகளை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே வந்தால், போதிய அழுத்தம் வந்ததும் அவை தானாக நின்றுவிடும். அதற்குமேல் இறுக்க வேண்டியதில்லை.