கத்தரித்த வேதம்

பைபிளைத் துண்டு துண்டாக அன்றி, முழுக்கதையாகப் படித்து அன்றாட வாழ்வுக்குப் பாடம் பெறுக என்கின்றனர் கிறித்தவ நண்பர்கள். நல்லது; கேட்போம்.

1807இல் இலண்டனிலே ஒரு பைபிள் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் உழன்ற ஆப்பிரிக்க அடிமைகளுக்கென்றே தொகுத்த நூல் அது! எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலரை மோசே மீட்ட கதை அதிலே இல்லை. விற்கப்பட்ட யோசேப்பு பொறுமை காத்து உயர்ந்த கதை உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் ஆண்டானென்றும் வேற்றுமையில்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதியது இல்லை. எசமானுக்குக் கீழ்ப்படிக என எபேசியருக்கு எழுதியது உண்டு. தெய்வவாக்கு என்பார்கள், கத்தரிக்கோல் பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை!

முழுநூல் இருந்தால் போதுமோ? அமெரிக்கத் தென்னாட்டுப் பண்ணையார் வீட்டில் முழுப் பைபிளே இருந்தது. கொட்டடியில் அடிமைகளும் இருந்தனர். பாடத்தை நூல் தரவில்லை, படிப்பவன் நிலையே தந்தது என்கிறோம் நாம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த ஆரியட் டப்மன் எழுத்தறியாதவர். மோசே கதையைச் செவிவழி கேட்டவர். 1849இல் தப்பியவர், மீண்டும் மீண்டும் திரும்பிவந்து, இருளிலே தம்மவரை வடக்கே நடத்திச் சென்றார். அவரையே மோசே என்றழைத்தனர் அம்மக்கள்.