இடை சிறுத்த விமானம்

அக்கா மகன் செல்லூருக்கு வந்தால் சாயங்காலம் மொட்டை மாடியில்தான் இருப்பான். கையில் போன், அதில் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலி. தெற்கே பெருங்குடிப் பக்கம் இறங்கப் போகும் ஒன்றைக் காட்டி என்ன விமானம் என்று கேட்டால், "ஏடிஆர், சித்தி. புரொப்பெல்லர். விடுங்க" என்பான். ஜெட் என்றால்தான் கழுத்து நிமிரும். போர் ஜெட் என்றால் சோறு வேண்டாம். தஞ்சாவூருக்குச் சுகோய் இருக்கிறது, சூலூருக்குத் தேஜஸ் இருக்கிறது, மதுரைக்கு ஒன்றுமில்லை என்பது அவனுடைய தீராத குறை. ஆகவே எங்கள் மாடியில் போர் விமானம் என்பது போனில் தள்ளிப் பார்க்கும் படம்தான்.

ஒருநாள் ஐந்து படங்களை வரிசையாகக் காட்டி, "இதுல எது அழகு, சொல்லுங்க" என்றான். யோசிக்காமல் ஒன்றைத் தொட்டேன். முக்கோண இறக்கை, நீண்டு கூர்ந்த மூக்கு, காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் காதுமடல் மாதிரி இரண்டு சின்ன இறக்கைகள்.

"செம சாய்ஸ் சித்தி! அது கிஃபிர். இஸ்ரேல்காரன் செஞ்சது."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் 'கிபிர்' என்றுதான் கேட்டிருந்தேன், ஆனையூர் முகாமிலிருந்து வந்து என்னோடு சேர்ந்து ரவிக்கை தைத்த ஓர் ஈழத்துப் பெண்ணின் வாயால். என் விரல் தானாகப் போய் அதன்மேல் நின்றதே, அதைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஜெட் விமானத்தின் அழகு பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன், "ஆம்பளைங்க பொம்மை" என்று கைகழுவும் தோழிகளோடும் சேரமாட்டேன். விமானப் பிரியர்கள் பார்ப்பது உண்மையிலேயே நுணுக்கமான பார்வை. மூக்கில் கிளம்பும் ஒரு கோடு எங்கும் முறியாமல் வால்வரை போகிறதா, இறக்கை உடம்பில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறதா, முளைத்த மாதிரி இருக்கிறதா, தரையில் நிற்கும்போதே கிளம்பப் போவதுபோல் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தறியில் உட்கார்ந்தவளின் மகள் நான். நெசவு பார்க்கும் கண்ணை எனக்குத் தெரியும், இதுவும் அந்த ஜாதிக் கண்தான்.

அவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: பார்க்க அழகாக இருக்கும் விமானம் நன்றாகப் பறக்கும். மிராஜ் விமானங்களைச் செய்த பிரெஞ்சுக்காரர் மார்செல் தசோ சொன்னதாகச் சொல்வார்கள். காற்று பொய் சொல்லாது, வேண்டாத சதையைக் காற்றே செதுக்கிவிடும், மிச்சம் இருப்பதுதான் அழகு என்பது இதன் தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த அழகை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது விமானம் காற்றில் முட்டிக்கொண்டு நிற்கும் சிக்கலுக்கு, அமெரிக்காவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1952 வாக்கில் ஒரு வழி கண்டார். விமானத்தை வெள்ளரிக்காய் மாதிரி மூக்கிலிருந்து வால்வரை வில்லை வில்லையாக நறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையின் பரப்பும், இறக்கையையும் சேர்த்து, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். இறக்கை சேரும் இடத்தில் பரப்பு திடீரென்று கூடிவிடுகிறது. அங்கே உடம்பைக் குறுக்கினால் கணக்குச் சரியாகும். ஒலியைத் தாண்ட முடியாமல் தவித்த ஒய்எஃப்-102 என்ற விமானத்தை இப்படித் திருத்திக் கட்டியபோது, 1954 டிசம்பரில் அது தாண்டியது.

அந்த உருவத்துக்கு வைத்த பட்டப்பெயர்கள்: கோக் பாட்டில், குளவி இடுப்பு, மர்லின் மன்றோ. உடுக்கை இடை, கொடி இடை என்று பாடிய ஊர்க்காரர்கள் நாம் சிரிப்பதற்கில்லை. ஆனால் அந்த இடுப்பு ஒய்யாரத்துக்காகச் சிறுத்ததல்ல. சுமை தாங்கும் இறக்கைக்கு இடம்விட்டு ஒடுங்கியது. விமானத்தையே தூக்கிப் பிடிக்கும் இடம் அதுதான். அதைப் பார்த்து ஆண்களுக்கு நினைவுக்கு வந்தது ஒரு நடிகையின் உடல். வேலையின் தழும்பை வனப்பாகப் படிப்பது எங்களுக்குப் பழகிய கதை.

உடம்பு பெண், ஓட்டுகிறவன் ஆண் என்ற பங்கீட்டை நம் சினிமாவும் விடவில்லை. 'காற்று வெளியிடை'யில் (2017) விமானியின்மேல் கேமராவுக்கு இருக்கும் காதல், அவன் லீலாவை அவமானப்படுத்தும்போதுகூடக் குறைவதில்லை. 2016-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளானார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு என் கேள்வி முடியவில்லை.

அந்த வேதவாக்கை உடைக்க ஓர் இந்திய விமானமே போதும். பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத் நிற்கிறது. ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போர் விமானம் வரைந்துகொடுத்த கர்ட் டாங்க், நேரு காலத்தில் இங்கு வந்து வடிவமைத்தது. 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. அக்கா மகனும் நானும் அதை மூன்று முறை சுற்றிவந்தோம். அவ்வளவு லட்சணம், இடையும் சிறுத்த இடைதான். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு வரைந்த உடம்பு. நினைத்த எஞ்சின் கிடைக்காமல் வலுக்குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின் இரண்டைப் பொருத்தினார்கள், ஒலியின் வேகத்தை எட்டவே அது திணறியது. 1971 போருக்குப் போய்வந்தது, 1990 வாக்கில் ஓய்வுபெற்றது. பிரியர்கள் இன்னும் அதற்காக உருகுகிறார்கள். அழகாக இருந்தால் பறக்கும் என்பது விதியானால் மாருத் தோற்றிருக்கக் கூடாது. அழகைத் தீர்மானித்தது காற்று மட்டுமல்ல என்றுதானே ஆகிறது? பணம், எஞ்சின் விற்கிறவனின் மனசு, எதிரி யார் என்ற முடிவு எல்லாம் அதில் இருக்கின்றன.

அம்மா துண்டு வாங்கினால் முகப்பைப் பார்க்கமாட்டாள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவுவாள். கிஃபிரைத் திருப்பிப் பார்த்தால் கிபிர்.

தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் தலைநிமிராமல் சொல்வாள். வன்னியில் அவர்களிடமும் விமானங்களுக்கு ஒரு வகைப்பாடு இருந்திருக்கிறது. சரக்கு விமானத்திலிருந்து குண்டை உருட்டிவிட்டால் அது சகடை. ஆளில்லாமல் சுற்றிச்சுற்றி வேவு பார்ப்பது வண்டு. வண்டு சுற்றினால் பின்னால் ஏதோ வரப்போகிறது. "சகடை வாறது முதலே கேக்கும் அக்கா. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள இறங்க நேரம் இருக்கும். கிபிர் அப்பிடி இல்லை. சத்தம் கேக்கேக்க அது போயிருக்கும்."

எவ்வளவு துல்லியம் பாருங்கள். எஞ்சின் வகை, வேகம், உயரம், வேலை எல்லாம் அதில் அடக்கம். அக்கா மகன் செயலியில் படிப்பதை அவள் காதால் படித்தாள். அவனுடையதை அறிவு என்கிறோம், ரசனை என்கிறோம். அவளுடையதைப் பயம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விமான ரசனையைப் பற்றி எழுதுகிறவர்கள் கேட்காமல் விடும் சாட்சி இவள்தான் என்று நினைக்கிறேன்.

கிஃபிர் என்றால் எபிரேயத்தில் சிங்கக்குட்டி. மிராஜ் 5-இன் உடம்பில் அமெரிக்க எஞ்சினை வைத்துச் செய்தது. இலங்கை விமானப்படைக்கு 1996-இல் வந்தது. 2006 ஆகஸ்ட் 14 காலை, முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் கிபிர்கள் குண்டு போட்டன. பயிற்சிப் பட்டறைக்கு வந்து தங்கியிருந்த பள்ளி மாணவிகள் 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. நேரில் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, இராணுவ நிலைக்கான தடயம் இல்லை என்றது. நான் 'காதுமடல் மாதிரி' என்று ரசித்த அந்தச் சின்ன இறக்கைகள், விமானம் சட்டென்று திரும்பவும் தாழ்வேகத்தில் நிலைகுலையாமல் இருக்கவும் வைத்தவை.

அழகு, பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி நழுவிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அண்ணாந்து பார்த்திருந்தாலும் அது அதே வடிவம்தான். வடிவம் மாறுவதில்லை. அதை ரசிக்கும் அவகாசம்தான் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை.

சத்தமும் அப்படித்தான். பிரியர்கள் ஆஃப்டர்பர்னர் முழக்கத்தை நெஞ்சில் வாங்கியதாகச் சிலிர்ப்பார்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சிலிர்ப்பு வரவில்லை. அம்மாவுக்கு வலது காது மந்தம். அந்தச் சத்தத்தை யாரும் டிக்கெட் எடுத்துக் கேட்க வருவதில்லை.

2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசத்துக்கு அக்கா மகன் ராத்திரி ரயிலேறிப் போனான். லட்சக்கணக்கில் கூட்டம். அன்று 5 பேர் இறந்துபோனார்கள். இவன் தண்ணீர் கிடைக்காமல் நாக்கு வறண்டு திரும்பினான், போனில் 400 படம். அதில் ஒன்றில்கூட மனிதர்கள் இல்லை. எல்லாம் நீல வானமும் விமானமும். குறை சொல்லவில்லை, நான் போயிருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

கிபிர் கதையை அன்று மாடியிலேயே அவனிடம் சொன்னேன். சகடை, வண்டு எல்லாம் சொன்னேன். போனை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "பார்க்காம, சத்தத்தை வச்சே எந்த விமானம்னு சொல்லிருவாங்களா சித்தி?" என்றான். அவன் குரலில் இருந்தது இரக்கமில்லை, வியப்பு. ஒரு பிரியர் இன்னொரு பிரியரை மெச்சும் வியப்பு. கோபப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. "அவங்க மக உன் வயசுதான், அவளுக்கும் தெரியும்" என்றேன். "அப்ப கூட்டிட்டுப் போங்க, நான் கேக்கணும்" என்றான்.