எஸ்கே-14 சூரிய அடுப்பு: சூடு எங்கே நிற்கும்?

எஸ்கே-14 என்பது 1.4 மீட்டர் விட்டமுள்ள பரவளையச் சூரிய அடுப்பு. பளபளப்பான அலுமினியத் தகடுகளைப் பொருத்திய கிண்ணம் அது. குவிமையம் அடியிலிருந்து 28 சென்டிமீட்டரில், விளிம்புக்கு உள்ளேயே அமைவதால் குவிந்த ஒளி பக்கத்தில் நிற்பவர் மேல் படும் வாய்ப்பு குறைவு. வெளிப்புறம் கறுப்புப் பூசிய பாத்திரத்தை நடுவிலுள்ள தாங்கியில் வைத்து, கிண்ணத்தைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும்.

திருச்சி அரியமங்கலத்தின் மொட்டை மாடிகள் இதற்கு ஏற்ற இடம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் அங்கே உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். கிண்ணமும் மல்லாந்து வானம் பார்க்கும்.

கிண்ணத்தின் வாய்ப்பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 800 வாட் நேரடி வெயில் அடித்தால் 1,200 வாட் விழும். அதில் பாதி பாத்திரத்தில் சேர்ந்தால், 30 பாகையிலுள்ள இரண்டு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 16 நிமிடத்தில் கொதிக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். எண்ணெய்ச் சட்டி வைத்தால் வடை பொரிக்கலாம்.

கிண்ணத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சூடும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. கண்ணாடி வெயிலை உண்டாக்குவதில்லை. பாத்திரத்திலிருந்து பார்க்கையில் சூரியனைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வானம் முழுக்கச் சூரியனாகத் தெரிந்தால் செறிவு சுமார் 46,000 மடங்கு. அதற்கு மேல் வழியில்லை. அந்நிலையில் பாத்திரம் சூரியப் பரப்பின் 5,500 பாகையை எட்டி, வாங்கும் கதிர்வீச்சு முழுவதையும் திருப்பி உமிழும். அதையும் தாண்டினால் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாய்ந்ததாகிவிடும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிக்காது. 800 பாகையில் கனலும் ஹீட்டர் சுருளின் கதிர்களை எத்தனை கண்ணாடி வைத்துக் குவித்தாலும் 800-ஐத் தாண்டாததும் இதனால்தான்.

எல்லைக்குள்ளும் ஏற்றம் மெதுவானது. உமிழ்வு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவதால், கெல்வின் அளவை இரட்டிப்பாக்க 16 மடங்கு செறிவு தேவை. 20 சென்டிமீட்டர் அடியுள்ள பாத்திரத்தில் எஸ்கே-14 தருவது 50 மடங்குக்குள்தான். பிரான்சின் ஓதெய்யோ சூரிய உலை ஒரு மெகாவாட் ஒளியைச் சிறு பரப்பில் குவித்து 3,000 பாகையைத் தாண்டுகிறது. ஆரோவில்லின் 15 மீட்டர் சூரியக் கிண்ணத்துக்கு அந்தச் சூடு வேண்டாம். சமையலுக்கு நீராவி போதும்.

குறைகளும் உண்டு. மேகமோ புகைமூட்டமோ வந்தால் சிதறிய ஒளி குவியாது; அடுப்பு அணைந்த மாதிரிதான். கால் மணிக்கொருமுறை கிண்ணத்தைத் திருப்ப வேண்டும். தஞ்சாவூர் சாலைப் புழுதி படியும் மாடிகளில் தகடுகளை அடிக்கடி துடைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி அணியாமல் கிட்டே போகக் கூடாது.

பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல துணை அடுப்பு. காலை டிபனுக்கும் இரவுச் சமையலுக்கும் கேஸ் அடுப்பு இருந்தே ஆக வேண்டும்.