உயர்சொல்லும் உள்ளமும்

ஒருவரைப் பன்மையாற் சுட்டுவது தமிழில் மரியாதை எனப்படும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதனை 'உயர்சொற் கிளவி' என்றார். இது வழக்கில் வந்தமைந்ததேயன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று என்றும் வரையறுத்தார். இலக்கணம் கட்டாயப்படுத்தாத ஒன்றை மனிதன் தானே விரும்பி வழங்குகிறான் என்பது இதனாற் பெறப்படும். எனவே அதனை யாருக்கு வழங்குகிறான், யாருக்கு மறுக்கிறான் என்பது அவன் உள்ளத்தைக் காட்டிவிடும்.

இவ்வழக்கு காலந்தோறும் வளர்ந்தது. பன்மையாயிருந்த 'அவர்' ஒருவர்க்குரிய உயர்சொல்லாயிற்று. பலரைக் குறிக்கக் 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றனர். மேடைகளில் அதுவும் 'தலைவர் அவர்கள்' என ஒருவர்க்கே உரியதாயிற்று. விகுதி நீண்ட அளவிற்கு மதிப்பும் நீண்டதா என்பது வேறு வினா.

ஒருமையெல்லாம் இழிவு என்பதும் பொருந்தாது. நெல்லிக்கனி ஈந்த அதியமானை ஔவையார் புறநானூற்றில் ஒருமையிலேயே விளிக்கிறார். தேவாரம் பாடியோர் இறைவனை 'நீ' என்றழைத்து உருகினர். இவை நெருக்கத்தால் வரும் ஒருமை. தாழ்வு கருதி வரும் ஒருமை இதனின் வேறு.

மலேசியச் சிறுகதைகளைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். தோட்டத்தைக் களமாகக் கொண்ட கதைகள் சிலவற்றில் துரை 'வந்தார்', கிராணி 'சொன்னார்', முப்பதாண்டு பால்மரம் வெட்டிய முதியவரோ 'வந்தான்', 'நின்றான்'. பாத்திரங்கள் தம்முள் அவ்வாறு பேசிக்கொள்வது உலகியல். அதனைத் திருத்தினால் கதை பொய்யாகும். ஆனால் கதையை எடுத்துரைக்கும் குரல் ஆசிரியருடையது. உழைப்பாளியின் துயருக்குக் கண்ணீர் வடிக்கும் ஆசிரியர், வினைமுற்றில் அவரைத் தாழ்த்துவாராயின், அப்பரிவு முழுமை பெற்றதாகாது.

கதைமாந்தரை ஒருமையிற் கூறுவது புனைகதை மரபு எனச் சிலர் விடையிறுக்கலாம். மரபுதான். ஆயின் அம்மரபு எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். துரையும் 'வந்தான்' எனில் முதியவர் 'வந்தான்' என்பதிற் குறையில்லை. ஒருவர்க்கு விகுதியை உயர்த்தி மற்றவர்க்குத் தாழ்த்தும்போதே, கதையிற் கண்டிக்கப்படும் ஏற்றத்தாழ்வு நடையினுள் புகுந்துவிடுகிறது.

இதனை வகுப்பறையில் எளிதாக உணர்த்தலாம். ஒரு கதையிலுள்ள மாந்தரையும் அவரவர்க்கு ஆசிரியர் வழங்கிய விகுதியையும் மாணவர் பட்டியலிடட்டும். பதவி பார்த்து மாறுகிறதா, பண்பு பார்த்து மாறுகிறதா என ஆராயட்டும். விகுதி என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் உறுப்பிலக்கணம் மட்டுமன்று, மனிதரை மதிப்பிடும் முறையுமாகும் என்பது அப்போது அவர்களுக்குத் தெளிவாகும்.