ரம்பாவின் உருண்டை

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் கரையில் உப்புக்காற்று சட்டையோடு ஒட்டும். அந்தக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2 லட்சம் கோடி கோடிக்கு மேல் மூலக்கூறுகள். நிலவில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே இருக்கும் மின்னேற்றத் துகள்களை எண்ண, 2023 ஆகஸ்டில் இறங்கிய இந்தியாவின் விக்ரம் கலம் ரம்பா என்ற கருவியைக் கொண்டுபோனது: 5 சென்டிமீட்டர் உலோக உருண்டை, அதைத் தாங்க 1 மீட்டர் கை. கை எதற்கு? கலத்தின் உடம்பே சுற்றுப்புறத்தைக் கெடுத்துவிடுமே! எனக்குப் பிடித்தது இந்த ஒதுங்கல்தான். உருண்டைக்கு மின்னழுத்தம் கொடுத்து, ஓடிவரும் துளி மின்னோட்டத்தை அளந்தார்கள். முதல் கணக்கு: ஒரு கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள். 1972இல் நிலவின் வாயுக்களை அளக்க அப்போலோ 17 வைத்துவிட்டு வந்த கருவிக்குப் பகலில் வேறு தொல்லை. வெயிலில் சூடான சாமான்கள் விட்ட வாயுவே அளவை மூழ்கடித்தது. இரவுக் கணக்கைத்தான் நம்ப முடிந்தது.